கப்பில் இருக்கும் சீயக்காயைக் கொட்டிவிட்டுத் தொடங்குங்கள்: பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத ஒருவரை எழுதி வைப்பது எப்படி

எங்கள் வீட்டு அட்டாளியில் ஒரு கப் இருந்தது. இரண்டு பக்கமும் காது வைத்து வெள்ளி முலாம் பூசின கப். அப்பத்தா அதில் சீயக்காய்த் தூள் போட்டு வைத்திருந்தார். நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகுதான் ஒரு நாள் அதைத் திருப்பிப் பார்த்தேன். தேய்ந்த எழுத்தில் கிராஸ் கன்ட்ரி, இரண்டாமிடம், 1958 என்று வெட்டியிருந்தது. "இது யாருதுங்க?" என்று கேட்டால், "உங்க சின்ன அப்பாருதுதான் கண்ணு, சீனாச் சண்டையில செத்தாருல்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அப்பத்தா அடுப்படிக்குப் போய்விட்டார்.

அப்பாருக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, இளையவர் ஒருத்தர் இருந்தார், பட்டாளத்தில் செத்தார், அது எனக்குத் தெரியும். கிராஸ் கன்ட்ரி என்றால் காடு மேட்டில் ஓடும் நெடுந்தூர ஓட்டம், அவர் அப்படி ஓடுவார் என்பது தெரியாது. வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவர் செத்த கதை மட்டும் வருடா வருடம் திதிக்குத் திதி வந்துகொண்டிருந்தது, அவர் இருபத்தைந்து வருடம் உயிரோடு இருந்த கதை சீயக்காய்க்கு அடியில் கிடந்தது. 'வீரமரணம்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப் போட்டு மூடிவிட்டால் உள்ளே இருக்கும் ஆள் தெரிவதே இல்லை.

கொங்கில் ஊருக்கு ஒருத்தராவது இப்படி இருப்பார். உங்கள் வீட்டிலும் இருந்தால், அவரைப் பற்றிச் சேகரித்து, சரிபார்த்து, எழுதி, ஊரில் நிற்கும்படி செய்ய என்னென்ன செய்யலாம் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சாமான். டிரங்குப் பெட்டி, அட்டாளி, சாமி மாடம், மாட்டி வைத்த போட்டோவின் பின்பக்கம், பீரோவில் துணிக்கு அடியில் விரித்த காகிதம், எல்லாவற்றையும் பாருங்கள். கிடைத்ததும் கை பரபரக்கும், புளி போட்டுத் தேய்க்கலாமா என்று தோன்றும். தேய்க்காதீர்கள். கப், மெடல் எதையும் தேய்க்கக் கூடாது, ஏற்கெனவே தேய்ந்த எழுத்தில் மிச்சம் இருப்பதும் போய்விடும். இருட்டு அறையில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பள்ளமான எழுத்து நிழல் கட்டித் தெரியும், அப்படியே போனில் நாலைந்து கோணத்தில் படம் எடுங்கள். சட்டத்துக்குள் இருக்கும் பழைய போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், கண்ணாடிக்கு மேலேயே சாய்வாகப் படம் எடுத்தால் போதும். விளையாட்டு அணி போட்டோ என்றால் கீழே அட்டையில் பெயர், வருடம், யூனிட் எல்லாம் அச்சடித்திருப்பார்கள். சட்டம் போட்ட கடைக்காரர் அந்த அட்டையை உள்ளே மடித்து மறைத்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

மெடல் ஒரு தனி விஷயம். பலர் முகப்பைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது விளிம்பை. முதல் உலகப் போர் வட்ட மெடல்களிலும், சுதந்திரத்துக்குப் பின் நம் ராணுவம் கொடுத்த மெடல்களிலும் விளிம்பில் அவருடைய படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். அந்த எண்தான் சாவி. எங்கே இருந்தார் என்பதற்கும் மெடலே சாட்சி: 1971 கிழக்கு முனை என்றால் பூர்வி ஸ்டார், மேற்கு முனை என்றால் பஷ்சிமி ஸ்டார். 1965 சண்டைக்குச் சமர் சேவா ஸ்டார். சைனிய சேவா மெடலின் ரிப்பனில் சின்னப் பட்டையாக நேபா, ஹிமாலயா என்று ஊர்ப் பெயர் இருக்கும், நேபா என்பது இன்றைய அருணாச்சலப் பிரதேசம். முதல் உலகப் போரில் செத்தவர் வீட்டில் 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வெண்கல வட்டத் தகடு இருக்கலாம். அதில் பெயர் மட்டும்தான் இருக்கும், பதவி இருக்காது. சிப்பாயும் அதிகாரியும் சாவில் ஒன்று என்று அப்படிச் செய்தார்கள்.

கடிதம் இருந்தால் அதிர்ஷ்டம். உள்ளே எழுதினதை விட வெளியே எழுதினது அதிகம் பேசும். அனுப்புநர் முகவரியில் எண், பதவி, பெயர், கம்பெனி (பட்டாலியனுக்குள் இருக்கும் சிறு பிரிவு) எல்லாம் வரிசையாக இருக்கும், கடைசியில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்று இருக்கும். முன்னது டெல்லி வழியாகப் போகும் ராணுவத் தபால், பின்னது கொல்கத்தா வழி. முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண் குத்தியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆட்களிடம் பேசுவது. இதில்தான் நான் நிறையத் தப்புச் செய்தேன்.

முதல் தப்பு, போன உடனே "எப்படிச் செத்தார்?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஒரு பதில் தயாராக இருக்கும். அறுபது வருடமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பான பதில், அதற்குப் பிறகு வேறு எதுவும் வராது. அதற்குப் பதிலாக, லீவில் வந்தால் முதல் நாள் என்ன சாப்பிடுவார், யார் கூடச் சுற்றுவார், சடுகுடுவில் ஏறிப் பாடுவாரா, பிடிக்க நிற்பாரா, செருப்பில்லாமல் ஓடுவாரா என்று கேளுங்கள். இரண்டாவது தப்பு, சொந்தக்காரர்களிடம் மட்டும் கேட்டது. பங்காளி சொன்னால் அது புகழ்ச்சி, எதிர்த்து ஆடித் தோற்றவர் சொன்னால்தான் சாட்சி. அடுத்த ஊரில் அவருக்கு எதிராகச் சடுகுடு ஆடின ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். கட்டிலில் படுத்த படுக்கை, ஆனால் பெயரைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அவன் பாட்டுக்கு வந்தான்னா காலு எங்க இருக்குதுன்னே தெரியாதுங்க தம்பி. ஆனா மூச்சுத்தான் அவனோட சொத்து. சாயங்காலம் வாய்க்கா மேட்டுல ஓடுவான், நாங்க மாடு பத்திக்கிட்டு வருவோம், எங்கள ரெண்டு வாட்டி தாண்டிப் போவான்." அப்போது கீழ்பவானி வாய்க்கால் புதிது, பவானிசாகர் அணை 1955-ல்தான் கட்டி முடிந்தது. பட்டாளத்துக்குப் போகும் முன்பே அவர் ஓட்டக்காரர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கப் ராணுவம் கொடுத்தது, மூச்சு வாய்க்கால் மேட்டில் வந்தது.

பேசப் போகும்போது பால் கறக்கும் நேரத்தில் போகாதீர்கள். போனில் ஒலிப்பதிவு போடுங்கள், போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், முதல் நாள் பேசினதற்கு அப்புறம் அன்று ராத்திரி அவர்களுக்கு இன்னும் நாலு விஷயம் ஞாபகம் வரும். பென்ஷன் யாருக்கு வந்தது என்ற கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள், முடிந்தால் கேட்கவே வேண்டாம். பாதி வீட்டில் பேச்சு அதில்தான் முறிந்திருக்கிறது.

விளையாட்டைப் பற்றி வீட்டில் சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள். "இந்தியாவுக்கே ஆடினாருங்க" என்று சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை, அந்தக் காலத்தில் ஊரை விட்டு வெளியே போய் ஆடினாலே அது இந்தியாதான். ராணுவ விளையாட்டில் படி இருக்கிறது: கம்பெனி, பட்டாலியன், பிரிகேடு, டிவிஷன், கமாண்ட், அதற்கு மேலே தேசியப் போட்டிகளில் முப்படைக்கும் சேர்த்து இறங்கும் சர்வீசஸ் அணி. உங்கள் ஆள் எந்தப் படியில் நின்றார் என்று கப், சான்றிதழ், போட்டோ எதிலாவது இருக்கும். அதை மட்டும் எழுதுங்கள். சர்வீசஸ் அணி வரை போனவர் என்றால் அந்த வருடத் தேசியப் போட்டி நடந்த தேதியைக் கண்டுபிடித்து, சென்னையில் கன்னிமாரா நூலகம் போன்ற இடங்களில் பழைய இந்து, தினமணி நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தைத் தேடலாம். பட்டாலியனோடு நின்றவர் என்றால் அதற்காகக் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு பட்டாலியனில் சுமார் 800 பேர், எல்லாருமே தினமும் காலையில் ஓடுகிறவர்கள், அதில் இரண்டாவதாக வருவது என்ன சின்ன விஷயமா? மைல், கஜம் என்று இருந்தால் அப்படியே விடுங்கள், கிலோமீட்டராக மாற்றி இன்றைய சாதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை வரும், தூரமும் வேறு தடமும் வேறு என்பதால் அது ஒன்றுக்கும் ஆகாது. படித்த பள்ளிக்கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும், அது பெரும்பாலும் பட்டாளத்தில் கொடுத்த தேதியோடு பொருந்தாது. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் ஏராளம். இரண்டையும் எழுதி வையுங்கள்.

இனி ராணுவ ஆவணம். எந்தக் காலம் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

இரண்டு உலகப் போர்கள் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்துக்குப் போங்கள், காசு கேட்க மாட்டார்கள், பெயர் போட்டுத் தேடலாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, அப்புறம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை, இந்த இரண்டு இடைவெளிக்குள் பணியில் இருக்கும்போது இறந்திருந்தால் பெயர் இருக்க வேண்டும். குண்டடி பட்டிருக்க வேண்டும் என்பதில்லை, காலராவில் செத்தாலும் லாரி கவிழ்ந்து செத்தாலும் கணக்கில் உண்டு. தேடும்போது நம் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் தலைவலி. பழனிசாமி என்ற ஒரு பெயரையே ழ-வுக்கு எல் போட்டு, இசட் போட்டு, ச-வுக்கு எஸ் போட்டு, சி-யும் எச்-சும் போட்டு எட்டு விதமாக எழுதியிருப்பார்கள், நாச்சிமுத்து, சென்னியப்பன் எல்லாம் கேட்கவே வேண்டாம். பெயரின் முதல் நாலு எழுத்தை மட்டும் போட்டு, படைப்பிரிவை வைத்துச் சலியுங்கள். ஊர்க் குறிப்பு இருந்தால் அதில் பழைய மாவட்டம்தான் இருக்கும். ஈரோடு 1979-ல், திருப்பூர் 2009-ல் பிரிந்தவை, அதனால் கோபிக்காரரும் தாராபுரத்துக்காரரும் கோயம்புத்தூர்தான். ராசிபுரம், திருச்செங்கோடு எல்லாம் சேலம். கரூர் 1910-லேயே கோவையை விட்டுத் திருச்சிக்குப் போய்விட்டது. இது தெரியாமல் நண்பர் ஒருவர் ஈரோடு ஈரோடு என்று ஒரு மாதம் தேடினார்.

கல்லறை எங்கே என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். நம்மவர்களை எரித்துவிட்டார்கள், அல்லது உடலே கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவர்களின் பெயர் நினைவுச் சுவர்களில் இருக்கும்: பர்மாவில் போனவர்கள் ரங்கூனுக்குப் பக்கத்தில் தௌக்யானில் சுமார் 27,000 பெயர்களோடு, மலேயா சிங்கப்பூர் பக்கம் போனவர்கள் கிராஞ்சியில் சுமார் 24,000 பெயர்களோடு, முதல் போரில் பிரான்ஸுக்குப் போனவர்கள் நவ் ஷப்பலில். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்திலும் முதல் போருக்கு நினைவுச் சுவர் உண்டு, விமான நிலையத்துக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம். முதல் போர் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் சில ஊர்களில் ஒரு சலவைக்கல் பதித்தார்கள், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. எண்ணிக்கை இருக்கும், ஒரு பெயர் இருக்காது. உங்கள் பக்கம் அப்படிக் கல் இருந்தால் அந்த எண்ணிக்கைக்குப் பெயர் கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

1947-க்குப் பிறகு என்றால், டெல்லி தேசியப் போர் நினைவகம். 2019 பிப்ரவரி 25-ல் திறந்தது, திறக்கும்போதே 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கிரானைட்டில் பொறித்திருந்தார்கள், இணையத்திலும் தேடலாம். விருது வாங்கினவர் என்றால் வீரதீர விருதுகளுக்கு அரசே ஒரு தளம் வைத்திருக்கிறது, அதில் என்ன செய்தார் என்ற விவரமும் கிடைக்கும். இரண்டிலும் இல்லை என்றால் அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எண், பதவி, பெயர், உறவுமுறை எழுதிக் கடிதம் போடுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நம் மலை மேலேயே, மேட்டுப்பாளையம் தாண்டி ஏறினால் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்கு, அதுதான் ராணுவத்தில் எல்லாரும் 'தம்பி' என்று கூப்பிடுகிற கூட்டம், பெங்களூரு. கடிதம் எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பொறுமை வேண்டும். எண் இல்லாமல் எழுதினால் இன்னும் அதிகப் பொறுமை வேண்டும்.

இப்போது கஷ்டமான பகுதி. வீட்டுக் கதையும் காகிதமும் பொருந்தாமல் போகும்.

எங்கள் வீட்டுக் கதை, சின்ன அப்பாரைச் சீனாக்காரன் சுட்டுவிட்டான் என்பது. டிரங்குப் பெட்டியில் தந்தி கிடைத்தது. தேதி 1962 டிசம்பர் கடைசி. நான் அதை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் அந்தப் போர் அக்டோபர் 20-ல் தொடங்கி நவம்பர் 21-ல் நின்றுவிட்டது. தந்தி தாமதமாக வந்திருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஆவணம் வந்தது: களத்து ஆஸ்பத்திரியில் நிமோனியா. குண்டு இல்லை. அந்தக் குளிர்காலத்தில் சரியான கம்பளித் துணிகூட இல்லாமல் சமவெளியிலிருந்து மலைக்கு ஏற்றப்பட்டவர்கள் எத்தனையோ பேர், அதில் ஒருத்தர். ஊரிலேயே பெரிய மூச்சுக்காரர் மூச்சு முட்டிப் போயிருக்கிறார். தேசிய நினைவகத்தில் அவர் பெயர் இல்லாததற்கும் காரணம் அன்றைக்குப் புரிந்தது. அங்கே போர்க்கள இழப்பு என்று ஏற்கப்பட்டவர்கள் பெயர்தான் வரும், நோயில் போனவர்களை ராணுவம் வேறு தலைப்பில் எழுதும்.

இதை எழுதலாமா கூடாதா என்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து. என் முடிவு, எழுத வேண்டும். ஆனால் எழுதும் முன்னால் நெருங்கின உறவில் மூத்தவரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், போனில் கூடாது, வாட்சப்பில் கூடவே கூடாது. ஊத்துக்குளியில் கட்டிக் கொடுத்திருந்த அவர் தங்கையிடம் போனேன். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். காகிதத்தைப் படித்துக் காட்டினேன். "எனக்குத் தெரியும் சாமி" என்றார். "தந்தி படிச்ச வாத்தியாரு காய்ச்சல்னுதான் சொன்னாரு. எங்கய்யந்தான், குண்டுன்னு சொல்லுங்க, காய்ச்சல்னா ஊருல ஒருத்தனும் எந்திரிச்சு நிக்கமாட்டான்னாரு." ஐம்பது வருடத்துக்கு மேல் அதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார். அதற்கப்புறம் அவர் சொன்னதில்தான் எனக்குப் பாதிப் புத்தகம் கிடைத்தது.

ஆகவே சொல்லைக் கவனித்துப் போடுங்கள். சண்டையில் குண்டு பட்டுச் செத்தால் 'போரில் இறந்தார்'. நோயில், விபத்தில், பனிச்சரிவில் என்றால் 'பணியில் இருக்கும்போது இறந்தார்', காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். காணாமல் போனால் காணாமல் போனார். வீட்டில் வேறு கதை சொன்னார்கள் என்றால் அந்தக் கதையையும், யார் ஏன் சொன்னார்கள் என்பதையும் எழுதலாம், அதுவும் வரலாறுதான்.

எழுதும் முறைக்கு நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு வழி. நோட்டில் மூன்று கோடு போட்டு, தேதி, என்ன நடந்தது, யார் சொன்னது அல்லது எந்தக் காகிதம் என்று நிரப்பினேன். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் வரி எதுவும் கடைசி எழுத்தில் வரவில்லை. சாவிலிருந்து தொடங்காதீர்கள். வாய்க்கால் மேட்டிலிருந்தோ சடுகுடுக் கோட்டிலிருந்தோ தொடங்கினால், சாவு வரும்போது படிக்கிறவருக்கு அவர் அறிமுகமான ஆளாக இருப்பார். உயிரோடு இருப்பவர்களின் முகவரி, பென்ஷன் எண் எதையும் அச்சில் விடாதீர்கள். பதவிப் பெயரில் கவனம், 1965 வரை ஜமேதார் என்று இருந்ததுதான் பிறகு நாயப் சுபேதார், பழைய ஆளுக்குப் புதுப் பெயர் போட வேண்டாம்.

கல் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், நம் பக்கத்துக்கு அது புதிதில்லை. பட்டியைக் காக்கப் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்குப் புலிகுத்திக்கல் வைத்த மண் இது. அந்தக் கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ஒரு ஆள், ஒரு புலி, எழுத்து இருந்தால் இரண்டு மூன்று வரி, அவ்வளவுதான். நாம் இப்போது வைக்கிற கல்லில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை கொடுத்தவர் எல்லாம் பெரிய எழுத்தில் வந்து செத்தவர் நடுவில் நசுங்கிக் கிடக்கிறார். இருபது சொல்லுக்கு மேல் வேண்டாம். சொந்தக் காட்டில் வைத்தால் தொல்லை இல்லை, பொது இடம் என்றால் பஞ்சாயத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அசோகச் சிங்கத்தையோ படைப்பிரிவின் சின்னத்தையோ நீங்களாகச் செதுக்கக் கூடாது, அரசு முத்திரைக்கு 2005-ல் தனிச் சட்டமே இருக்கிறது. திறப்பு விழாவில் கல்லைத் தேசியக் கொடியால் மூடி உருவுவதும் கொடி விதிப்படி தப்பு, வெறும் மஞ்சள் துணி போதும். நாங்கள் திருமுருகன்பூண்டியில் செதுக்கக் கொடுத்தோம். காகிதத்தில் எழுதிக் கொடுத்து, அதை மூன்று பேர் படித்துப் பார்த்து, ளகர லகரம் சரிபார்த்து, அதற்கப்புறம்தான் உளியை வைக்கவிட்டோம். கல்லில் முதல் வரி ஓட்டத்தைப் பற்றியது, கடைசி வரி நிமோனியா. குண்டு என்று போட்டால்தான் எடுப்பாக இருக்கும் என்று இன்னமும் சொல்கிற ஒரு மாமன் இருக்கிறார்.

கல்லை விட எனக்குப் பிடித்தது ஓட்டம். பொங்கல் நோம்பிக்கு வாய்க்கால் மேட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் வைக்கிறோம், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. நீங்கள் வைப்பதாக இருந்தால் விடிகாலையில் வையுங்கள், மாடு வரும் நேரம் வேண்டாம், வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் நீச்சல் தெரிந்த நாலு பேரைக் கரையில் நிறுத்துங்கள், ஆம்புலன்ஸ் எண் கையில் இருக்கட்டும். பழைய கப்பைச் சுழல் கோப்பையாகக் கொடுக்காதீர்கள், ஒரே வருடத்தில் காதை உடைத்துக்கொண்டு வந்துவிடும், அதே மாதிரி ஒன்று செய்து கொடுங்கள். சின்ன அப்பாரு இரண்டாவதாக வந்தவர் என்பதால் எங்கள் பந்தயத்தில் இரண்டாவதாக வருகிறவருக்குத்தான் பெரிய பரிசு என்று விதி போட்டிருந்தோம். போன நோம்பியில் கடைசி நூறு மீட்டரில் மூன்று பசங்கள் ஒருத்தனை ஒருத்தன் முந்தாமல் அப்படியே நின்றுகொண்டார்கள், நாலாவதாக வந்தவன் ஒன்றும் புரியாமல் அவர்களைத் தாண்டி ஓடி முதல் பரிசு வாங்கிவிட்டான். இந்த வருடம் விதியை மாற்ற வேண்டும்.